ரீப்பர் பெஞ்சை வீட்டில் வைப்பது எப்படி? அளவெடுப்பதிலிருந்து துடைப்பது வரை

மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டு வரிசையாக அடுக்கி, கீழே நான்கு ஒல்லிக் கால்கள் கொடுத்த பெஞ்சைக் கடைகளில் 'மிட்-செஞ்சுரி பெஞ்ச்' என்று விற்கிறார்கள். ஆசாரியிடம் 'ரீப்பர் வைத்த பெஞ்ச்' என்று சொன்னால் புரிந்துகொள்வார். பார்ப்பதற்கு எளிமையான சாமான். அதனாலேயே பலரும் யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். கொஞ்ச நாளில் மேலே மடிக்காத துணி ஏறிவிடும், அடியில் அட்டைப்பெட்டி புகுந்துவிடும், பெஞ்ச் இருப்பதே தெரியாது.

இந்த பெஞ்சின் அழகு சட்டங்களில் பாதி, அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளியில் பாதி. மேலிருந்து பார்த்தால் தரை கோடுகோடாகத் தெரிய வேண்டும். அடியில் வெளிச்சம் போக வேண்டும். கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை இந்த இடைவெளியைக் காப்பாற்றுவதற்கானவைதான். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். பெஞ்சை வாங்கிவிட்டு இடம் தேடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு.

1. முதலில் வேலையை முடிவு செய்யுங்கள்

ஒரு பெஞ்சுக்கு ஒரு வேலைதான். வாசலில் உட்கார்ந்து ஷூ மாட்டவா, கட்டிலின் கால்மாட்டில் போர்வை வைக்கவா, ஹாலில் டீபாய்க்குப் பதிலாகவா, சாப்பாட்டு மேஜையின் ஒரு பக்கத்துக்கா, டிவிக்குக் கீழேயா? ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

இது ஏன் முதல் படி என்றால், உயரமும் நீளமும் அகலமும் இதை வைத்துத்தான் மாறும். 'எல்லாத்துக்கும் ஆகும்' என்று வாங்கிய பெஞ்ச் கடைசியில் துணி போடுகிற இடமாகத்தான் ஆகிறது. கூடவே இன்னொரு கேள்வி: அதில் தினமும் உட்காரப்போவது யார்? வீட்டில் முட்டி வலிக்காரர் இருந்தால் பாதி தேர்வுகள் அங்கேயே அடிபட்டுவிடும்.

2. கையில் வைத்துக்கொள்ள வேண்டியவை

அளவு டேப், பழைய செய்தித்தாள், செல்லோ டேப், ரசமட்டம், ஒரு பென்சில். பெஞ்ச் வந்த பிறகு காலடியில் மாட்ட நைலான் அல்லது ரப்பர் புஷ், 220 நம்பர் உப்புத்தாள் ஒன்றிரண்டு, ஒரு இஞ்ச் பெயிண்ட் பிரஷ். இவ்வளவு போதும்.

3. தரையில் செய்தித்தாளை விரித்துப் பாருங்கள்

நினைத்திருக்கும் பெஞ்சின் நீள அகலத்துக்குச் செய்தித்தாளை ஒட்டித் தரையில் போடுங்கள். இரண்டு மூன்று நாள் அப்படியே கிடக்கட்டும். நடக்கும்போது அதை மிதிக்கிறீர்களா, அலமாரிக் கதவு அதன்மேல் திறக்கிறதா, வேலை செய்ய வருகிற அக்கா துடைப்பம் போடும்போது இடிக்குமா என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும். டேப்பில் எடுத்த அளவு இதையெல்லாம் சொல்லாது.

நடக்கும் வழியில் குறைந்தது 30 இஞ்ச் விடுங்கள். 36 இருந்தால் நிம்மதி. படுக்கையறையில்தான் கணக்கு அடிக்கடி உதைக்கும். பத்துக்குப் பத்து அறை என்று வைத்துக்கொள்வோம், அதாவது 120 இஞ்ச். கட்டில் நீளம் 78, தலைமாட்டுப் பலகை 3. மிச்சம் 39. அதில் 15 இஞ்ச் அகல பெஞ்சைப் போட்டால் 24 இஞ்ச்தான் வழி. எதிரே வெற்றுச் சுவர் என்றால் ஒருவர் நடந்து போகலாம். எதிரே அலமாரி இருந்தால் கதவைத் திறந்துகொண்டு நிற்க முடியாது. அந்த அறைக்குக் கால்மாட்டு பெஞ்ச் வேண்டாம், ஜன்னலோரம் பாருங்கள்.

செய்தித்தாள் தட்டையாகக் கிடப்பதால் உயரம் பிடிபடாது. பெஞ்ச் உயரத்துக்கு இரண்டு அட்டைப்பெட்டிகளை இரு முனைகளிலும் வைத்தால் இன்னும் தெளிவாகும். கால்மாட்டு பெஞ்சுக்கு இது ரொம்ப அவசியம். ராத்திரி இருட்டில் எழுந்து போகிறவர் முழங்கால் எங்கே இடிக்கும் என்று அப்போதே தெரியும்.

4. உயரத்தில் ஏமாறாதீர்கள்

இந்த மாடலின் மூத்த பெஞ்ச், அமெரிக்க வடிவமைப்பாளர் ஜார்ஜ் நெல்சன் ஹெர்மன் மில்லர் நிறுவனத்துக்காகச் செய்தது, 1946இல் வந்தது. அதன் உயரம் 14 இஞ்ச்தான். உட்காரவும் செய்யலாம், மேலே அலமாரிப் பெட்டிகளை ஏற்றி வைக்கவும் செய்யலாம் என்று யோசித்துச் செய்தது அது. இன்றைக்குக் கடைகளில் கிடைக்கும் நகல்கள் பலவும் கிட்டத்தட்ட அந்த உயரத்தையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. படத்தில் அழகாக இருக்கும். அறுபதைத் தாண்டிய அம்மாவால் அதிலிருந்து கையூன்றாமல் எழுந்திருக்க முடியாது. கைப்பிடியும் கிடையாது.

தினமும் உட்கார்ந்து எழுகிற பெஞ்ச் 17 முதல் 18 இஞ்ச் இருக்கட்டும். வழக்கமான 30 இஞ்ச் சாப்பாட்டு மேஜைக்கும் அதேதான். உட்காரும் பரப்புக்கும் மேஜைப் பலகையின் அடிப்பக்கத்துக்கும் நடுவே 10 முதல் 12 இஞ்ச் இருந்தால்தான் தொடை இடிக்காது, கையும் தட்டுக்கு எட்டும். மேஜைக்கு எடுக்கும்போது பெஞ்ச் நீளம் மேஜையின் இரண்டு கால்களுக்கு நடுவே நுழையுமா என்றும் பார்த்துவிடுங்கள். ஆளுக்கு 22 முதல் 24 இஞ்ச் நீளம் கணக்கு.

டீபாய்க்குப் பதில் என்றால் 14 இஞ்ச் சரியானது. சோஃபாவின் உட்காருமிடத்துக்குச் சமமாகவோ ஒன்றிரண்டு இஞ்ச் தாழ்வாகவோ இருப்பதுதான் வசதி. கட்டிலுக்கு, மெத்தையின் மேல்மட்டத்திலிருந்து 2 முதல் 4 இஞ்ச் தாழ்வாக இருக்கட்டும். மெத்தையைவிட உயர்ந்தால் கட்டிலுக்கு வேலி போட்ட மாதிரி ஆகிவிடும்.

வாங்கிய பிறகு உயரம் போதவில்லை என்று கால்களுக்கு அடியில் கட்டை வைக்காதீர்கள். ஒல்லிக் கால், பக்கவாட்டில் ஆட ஆரம்பித்து இணைப்பு தளர்ந்துவிடும். கால் மரை போட்டுக் கழற்றும் வகையாக இருந்தால் நீளமான கால் மாற்றலாம். இல்லையென்றால் அதை டீபாயாக்கிவிடுங்கள்.

5. கடையில் வாங்கினால்: நான்கு சோதனை

முதலில் முனையில் உட்காருங்கள். நடுவில் உட்கார்ந்து பார்த்துவிட்டு 'நல்லா இருக்கு' என்று சொல்லி வருபவர்கள்தான் அதிகம். இந்த மாடலில் கால்கள் முனையிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும். நான்கடி பெஞ்சில் கால் 10 இஞ்ச் உள்ளே இருக்கிறது என்று வையுங்கள். பெஞ்சின் எடை 13 கிலோ. 60 கிலோ ஆள் காலுக்கு வெளியே 4 இஞ்ச் தள்ளி உட்கார்ந்தாலே மறுமுனை தூக்கிக்கொள்ளும். கால் 6 இஞ்சுக்குள் இருந்தால் இந்தப் பயம் ஏறக்குறைய இல்லை.

அடுத்தது பென்சில். சட்டங்களின் இடைவெளியில் பென்சிலை விடுங்கள், பிறகு உங்கள் சுண்டுவிரலை. பென்சில் நுழைந்து சுண்டுவிரல் நுழையவில்லை என்றால், சின்னக் குழந்தை இருக்கும் வீட்டுக்கு அந்த பெஞ்ச் வேண்டாம். 7 முதல் 12 மில்லிமீட்டர் வரையான இடைவெளியில் பிஞ்சு விரல் உள்ளே போகும், சுலபமாக வெளியே வராது. அதைவிட நெருக்கமாகவோ, தாராளமாகவோ இருப்பதே நல்லது.

மூன்றாவது, பெஞ்சைக் கவிழ்த்துப் பார்ப்பது. கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. நான்கடிக்கு மேல் நீளம் என்றால் அடியில் நடுக் குறுக்குச்சட்டம் இருக்கிறதா? திருகாணி எல்லாம் மரத்தின் குறுக்குவெட்டு முனையில் இறங்கியிருந்தால் பிடிமானம் குறைவு, சீக்கிரம் லூஸ் ஆகும். அடிப்பக்கம் பாலிஷ் இல்லாமல் விட்டிருந்தால் மழைக்காலத்தில் ஒரு பக்கம் மட்டும் ஈரம் இழுத்துச் சட்டம் வளையும்.

நான்காவது, மரம். தேக்கு என்று சொல்லி, வைரம் பாயாத வெளுத்த ஓரப்பகுதியைச் சாயம் ஏற்றி விற்பது உண்டு. அந்த வெளுத்த பகுதியைத்தான் பூச்சி துளைக்கும். குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் விட்டுவிடுங்கள். பழைய பெஞ்ச் வாங்குகிறீர்கள், சந்தேகம் இருக்கிறது என்றால், அதன் அடியில் வெள்ளைத்தாள் விரித்துச் சில நாள் தனியாக வையுங்கள். தாளில் மாவு மாதிரி உதிர்ந்திருந்தால் உளுக்கிறது என்று அர்த்தம். சரிபார்க்காமல் மற்ற மரச்சாமான் இருக்கும் அறைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

6. ஆசாரியிடம் செய்யச் சொன்னால்

என்னைக் கேட்டால் இதுதான் நல்ல வழி. உயரம் நம் கையில். ஆனால் படத்தைக் காட்டிவிட்டு வந்துவிட்டால் அவருக்குப் பழகிய தடிமனில் ரயில்வே ஸ்டேஷன் பெஞ்ச் செய்து கொடுத்துவிடுவார். அளவை எழுதிக் கொடுங்கள்.

நான்கடிக்கு ஒரு நல்ல கணக்கு இது: 1 இஞ்ச் தடிமன், 2 இஞ்ச் உயரம் உள்ள சட்டம் 9. நடுவே முக்கால் இஞ்ச் இடைவெளி 8. ஒன்பதும் ஆறும் சேர்ந்து பெஞ்சின் அகலம் சரியாக 15 இஞ்ச். முக்கால் இஞ்ச் என்பது 19 மில்லிமீட்டர். விரல் மாட்டாது, உட்கார்ந்தால் உறுத்தாது.

சட்டத்தைப் படுக்கையாக வைக்காமல் செங்குத்தாக நிறுத்தச் சொல்லுங்கள். இதில்தான் தகராறு வரும். 'படுக்கப் போட்டா மரம் மிச்சம் சார்' என்பார். அது உண்மையும்கூட. ஆனால் அதே ரீப்பரை நிறுத்தி வைத்தால் வளையாமல் தாங்கும் விறைப்பு நான்கு மடங்கு. படுக்க வைத்தால் நடுவில் தொய்யும். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது அந்த ஒல்லியான தோற்றமும் செங்குத்துச் சட்டத்தில்தான் வரும்.

'இழைத்த பிறகு வரும் அளவு' என்று தெளிவாகச் சொல்லுங்கள். ஒன்றுக்கு இரண்டு ரீப்பர் என்று கடையில் வாங்கினால், இழைப்புளி போட்டு முடிக்கும்போது தடிமனில் கொஞ்சம் போய்விடும். ஒன்பது சட்டத்திலும் அப்படிப் போனால் மொத்த அகலம் குறையும், இல்லையென்றால் இடைவெளி விரியும்.

மரக்கணக்கு: இந்த ஒன்பது சட்டம் மட்டும் சரியாக அரை கன அடி. கால், குறுக்குச்சட்டம், கழிவு எல்லாம் சேர்த்து ஒரு கன அடி போதும். அதற்கு ரொம்ப மேலே யாராவது சொன்னால் விவரம் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மறக்கவே கூடாது: சட்டங்களைக் கோர்ப்பதற்கு முன்பே உப்புத்தாள் தேய்த்துப் பாலிஷ் அடித்துவிட வேண்டும். கோர்த்த பிறகு முக்கால் இஞ்ச் சந்துக்குள் கையும் போகாது, பிரஷும் ஒழுங்காகப் போகாது. பாலிஷ் வழிந்து உள்பக்கம் சொட்டுச் சொட்டாக உறைந்து நிற்கும். பசை போடும் இடத்தில் மட்டும் டேப் ஒட்டி மறைத்துக்கொண்டால் போதும். பாலிஷ் மேல் பசை பிடிக்காது. சட்டத்தின் மேல்முனைகளை லேசாக மழுக்கச் சொல்லுங்கள். கூர்முனை தொடையில் பதியும். பாலிஷும் முதலில் அங்கேதான் தேயும்.

லின்சீட் ஆயில் போடுவதாக இருந்தால், துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட விடாதீர்கள். அது காயும்போது சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். விரித்து வெளியில் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் முக்கி வைக்க வேண்டும்.

7. வைப்பதற்கு முன் கால்களைக் கவனியுங்கள்

நம் வீடுகளில் தரையைத் தினமும் ஈரத்துணி போட்டுத் துடைக்கிறோம். பெஞ்ச் கெட்டுப்போக ஆரம்பிப்பது மேலே இல்லை, காலின் அடிப்பாகத்தில். அங்கே மரத்தின் நார்கள் எல்லாம் திறந்த வாயோடு நிற்பதால் தண்ணீரை உறிஞ்சும். பெஞ்சைக் கவிழ்த்து, நான்கு கால் அடியிலும் இரண்டு மூன்று கோட் பாலிஷ் அடியுங்கள். ஒரு கோட் காய்ந்த பிறகு அடுத்தது. அப்புறம் நைலான் அல்லது ரப்பர் புஷ் மாட்டுங்கள். கம்பளி மாதிரி இருக்கும் ஃபெல்ட் பொட்டு கிரானைட்டுக்கு நல்லது என்று ஒட்டித் தருவார்கள். ஈரத்தையும் தலைமுடியையும் பிடித்துக்கொண்டு சீக்கிரமே அழுக்குப் பந்தாகிவிடும்.

புஷ் மாட்டியதும் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். பெஞ்ச் ஆடினால் உடனே காலை அறுக்கக் கிளம்பாதீர்கள். இடத்தை மாற்றி வைத்தும் ஆடினால்தான் குறை காலில். இல்லையென்றால் தரைதான் சரியில்லை. பால்கனியிலும் வாசலிலும் தண்ணீர் ஓடுவதற்காக வாட்டம் கொடுத்திருப்பார்கள்.

8. இடத்தில் வைப்பது

சுவரை ஒட்டி வைப்பதானாலும் ஒரு இஞ்சாவது விடுங்கள். ஓதம் ஏறும் சுவர் என்றால் இரண்டு மூன்று. காற்று போனால்தான் மரம் காயும். கரையான் சுவர் வழியாக வந்தாலும் அந்தச் சந்தில் மண் தடம் கண்ணில் படும்.

வாசல் பக்கம் வைத்தால் அடியில் ஒரே ஒரு வரிசைச் செருப்பு, அதுவும் வீட்டிலிருப்பவர்கள் தினமும் போடுவது மட்டும். மற்றவை ஷூ ரேக்குக்குப் போகட்டும். அடுக்குமாடி வீட்டில் பொது நடைபாதையில் பெஞ்ச் போடாதீர்கள். அவசரத்துக்கு ஓடும் வழி அது.

கட்டில் கால்மாட்டில் வைக்கும் பெஞ்ச் கட்டில் அகலத்தில் ஏறக்குறைய முக்கால்வாசி இருந்தால் கண்ணுக்குப் பொருந்தும். ஆறடிக் கட்டிலுக்கு நாலரை அடி, ஐந்தடிக் கட்டிலுக்கு நாலடிக்குள். சரிசமமாக இருந்தால் கட்டிலோடு ஒட்டிப் பிறந்தது போலத் தெரியும், முனையில் இடித்துக்கொள்ளவும் வாய்ப்பு அதிகம்.

ஹாலில் டீபாயாக வைத்தால் சோஃபாவிலிருந்து 14 முதல் 18 இஞ்ச் தள்ளி. தட்டையான பெரிய ட்ரே ஒன்று கட்டாயம் வேண்டும். காபி டம்ளரைச் சட்டங்களின் மேல் நேரடியாக வைத்தால் ஒருநாள் சாயும். செல்போனை ஓரமாகச் செருகினால் சந்து வழியாகத் தரையில் விழும்.

டிவிக்குக் கீழே வைப்பதில் ஒரு வசதி, ஒயர்கள் சட்டங்களுக்கு நடுவே இறங்கிவிடும், செட்டாப் பாக்ஸுக்கு அடியிலிருந்தும் காற்று கிடைக்கும். ஆனால் டிவி சுவரில் மாட்டியதாக இருக்கட்டும். குழந்தை ஏறி நிற்கும் உயரத்தில் இருக்கும் பெஞ்சில் டிவியை வெறுமனே நிறுத்தி வைப்பது ஆபத்து.

ஜன்னலுக்குப் பக்கவாட்டில் வைத்தால் காலை வெயில் சட்டங்களின் ஊடே இறங்கித் தரையில் கோடு போடும். அந்த ஒரு காட்சிக்காகவே இந்த பெஞ்ச் வாங்கலாம். ஆனால் நாள் முழுக்க நேர்வெயில் படும் இடம் வேண்டாம், பாலிஷ் வெளிறும். கொஞ்சம் படுகிறது என்றால் அவ்வப்போது பெஞ்சைத் திருப்பிப் போடுங்கள், இரண்டு பக்கமும் ஒரே மாதிரி நிறம் மாறும்.

மர நிறம் மற்ற சாமானோடு அச்சு அசலாகப் பொருந்த வேண்டும் என்று அலையாதீர்கள். கிட்டத்தட்ட ஒத்துப்போய்க் கொஞ்சம் தவறிய நிறம்தான் உறுத்தும். நன்றாகவே கருமையாகவோ நன்றாகவே வெளிராகவோ இருந்தால் அது வேண்டுமென்றே செய்தது போல இருக்கும்.

9. மேலே என்ன வைக்கலாம்

பெஞ்சின் மூன்றில் ஒரு பங்காவது வெறுமையாக இருக்கட்டும். முழு நீளத்துக்கு மெத்தை தைத்துப் போட்டால், ரீப்பருக்குக் கொடுத்த காசு வீண். அதற்குச் சாதாரணப் பலகை பெஞ்சே போதும்.

மெத்தை வேண்டுமென்றால் ஒன்றரை முதல் 2 இஞ்ச் தடிமன், அடர்த்தி 40 உள்ள ஃபோம். அதற்குக் குறைந்த அடர்த்தி சீக்கிரம் நசுங்கி, சட்டத்தின் தடம் முதுகில் அடித்த பிரம்புத் தடம் மாதிரி பதிந்துவிடும். மூலைகளில் நாடா வைத்துத் தைத்துச் சட்டத்தில் கட்டிவிட்டால் வழுக்காது. மெத்தையின் உயரத்தையும் நான்காம் படியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

துணி விஷயத்தில் ஒன்று. பவானி ஜமுக்காளம் போட நிறைய பேருக்கு ஆசை. தனியாகப் பார்த்தால் அழகுதான், ஆனால் அதன் பட்டைக் கோடுகளும் ரீப்பர் கோடுகளும் சேர்ந்து கண்ணைக் கூசவைக்கும். இங்கே ஒரே நிறக் கைத்தறித் துணி போடுங்கள்.

செடித்தொட்டி வைத்தால் அடியில் தட்டு வேண்டும்; மண் தட்டு என்றால் அதன் வழியாகவும் ஈரம் கசியும் என்பதால் மெருகு பூசிய தட்டாக இருக்கட்டும். ஈரத்துணி, குளித்துவிட்டு வந்த துண்டு, இரண்டும் கூடவே கூடாது.

நவராத்திரிக்கு இதைக் கொலுப்படியில் ஒன்றாக ஆக்கலாம், 14 இஞ்ச் பெஞ்சுக்கு அந்த வேலை நன்றாகவே பொருந்தும். மேலே ஒரு பிளைவுட் பலகை போட்டுத் துணி விரித்த பிறகே பொம்மை வையுங்கள். சின்ன பொம்மையின் அடிப்பாகம் சந்தில் இறங்கிச் சாய்ந்துவிடும்.

10. பின்னால் இருக்கும் சுவர்

சாய்மானம் இல்லாததால் உட்காருகிறவர் சுவரில்தான் சாய்வார். எண்ணெய் வைத்த தலை பட்ட இடத்தில் சீக்கிரமே வட்டமாகக் கறை தெரியும். அந்த அளவுக்கு மட்டும் கழுவக்கூடிய பெயிண்ட் அடிக்கலாம், அல்லது பெஞ்சை ஐந்தாறு இஞ்ச் முன்னால் இழுத்துப் போடலாம்.

படம் மாட்டுகிறீர்கள் என்றால், உட்கார்ந்தவர் தலை தரையிலிருந்து சுமார் 50 இஞ்ச் வரை வரும். படத்தின் கீழ்ச்சட்டம் அதற்கு மேலே இருக்கட்டும், அல்லது ஒரு பக்கமாகத் தள்ளி மாட்டுங்கள்.

11. துடைப்பது

சந்துகளில் தூசி சேருவதுதான் இந்த பெஞ்சின் ஒரே தொல்லை. துணியால் துடைத்தால் தூசி உள்ளே தள்ளப்பட்டு மூலையில் அடையும். காய்ந்த பெயிண்ட் பிரஷை மேலிருந்து கீழாகச் சந்தில் இழுங்கள், தூசி தரையில் விழும், அப்புறம் தரையைப் பெருக்குங்கள். வாரம் ஒருமுறை போதும். ஈரத்துணி போட்டால் நன்றாகப் பிழிந்துவிட்டு, சட்டத்தின் நீளவாக்கில் ஒரே இழுப்பு. அதன்மேல் காய்ந்த துணி.

பளபளப்புக்குத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டாம். அது மரத்தில் காய்ந்து இறுகாது. பிசுபிசுப்பாக நின்று தூசியைப் பிடிக்கும், நாளடைவில் சிக்கு வாடையும் வரும்.

சிலாம்பு கிளம்பினால் பிடுங்காமல், அந்த இடத்தை மட்டும் 220 உப்புத்தாளால் நார் போகும் திசையில் தேய்த்து, பஞ்சில் பாலிஷ் தொட்டு ஒற்றுங்கள். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை கவிழ்த்துப் போட்டு, போல்ட்டுகளை இறுக்கி, புஷ் தேய்ந்திருந்தால் மாற்றிவிடுங்கள். நான்கில் ஒன்று தேய்ந்திருந்தாலும் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள், இல்லையென்றால் பெஞ்ச் மறுபடி ஆட ஆரம்பிக்கும்.